அம்மா முதியோர் இல்லத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டே வருகிறார். இது வயசா, மனசா?

குரோம்பேட்டைக்காரி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே வந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு 79 வயது. போன ஐப்பசி மழையில் பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எங்கள் வீடு 3வது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் காலை 8 மணிக்குக் கிளம்பி பீச் வண்டியில் கோட்டை ஸ்டேஷன் வரை போய், வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். கணவருக்கு வாரம் 2 நாள் டயாலிசிஸ். ஏஜென்சியில் சொல்லி வைத்த ஆயாக்கள் 3 மாதத்தில் 5 பேர் மாறினார்கள். கடைசியில் தை மாதம் சேலையூரைத் தாண்டி ஒரு இல்லத்தில் சேர்த்தோம். அம்மாவும் சம்மதித்துத்தான் வந்தார்.

இடம் சுத்தமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை டாக்டர் வருகிறார். வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் சரியாக நடக்கிறது. அம்மாவிடம் கேட்டால் "எல்லாம் நல்லாதான் இருக்கு" என்கிறார். எனக்கு அந்தப் பதில்தான் வயிற்றைக் கலக்குகிறது. அம்மா குறை சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டில் ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தால் பந்தியிலேயே சொல்லிவிடுவார்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1982ல் சத்துணவுத் திட்டம் கிராமங்களில் தொடங்கி, அதே வருஷம் நகரங்களுக்கும் வந்தபோது, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். 22 வருஷம். தினமும் 140 பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அளந்து கொடுத்த கை அது. ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ரிட்டையர் ஆன பிறகும் வீட்டில் ஒரு பழைய பித்தளை அரைப்படியை வைத்துக்கொண்டு அதில்தான் அரிசி அளப்பார். குக்கரோடு வந்த பிளாஸ்டிக் டம்ளரைத் தொடமாட்டார்.

இப்போது நான் போகும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சாப்பாடு பாதிதான் இறங்குகிறது. தலை வாரிக்கொள்வதில்லை. காது மெஷின் டிராயரில் கிடக்கிறது. பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த சுங்குடிப் புடவையை அங்கே ஒரு ஆயாவுக்குக் கொடுத்துவிட்டார். அப்பாவின் கைக்கடிகாரத்தை வாட்ச்மேன் மகனுக்கு. "எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்றார். போன ஞாயிறு கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "நீ வாராவாரம் அலையாதே பாப்பா. நான் போயிட்டா உனக்கும் நிம்மதி" என்றார். அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி சொன்னார்.

இல்லத்து மேனேஜரிடம் கேட்டேன். "வயசானா அப்படித்தான் மேடம், கொஞ்ச நாள்ல பழகிடும்" என்கிறார். ஏழு மாதம் ஆகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

நைட் டூட்டி சிஸ்டர் எழுதியது:

அக்கா, நான் தாம்பரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் 11 வருஷமாக நர்ஸ். வயசானால் அப்படித்தான் என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். வயசானால் நடை தளரும், தூக்கம் மெலியும். வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுவது வயசின் அடையாளம் இல்லை. அது நோய். இந்த வயதிலும் அதற்கு வைத்தியம் இருக்கிறது.

புடவையும் கடிகாரமும் கொடுத்ததையும், "நான் போயிட்டா" என்றதையும் சேர்த்துப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. இதில் தாமதம் வேண்டாம். அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் நாளைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "அம்மா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. பல பேருக்குக் கேட்டதே பாரம் இறங்கின மாதிரி இருக்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, தனியாக விடாமல் அன்றைக்கே மனநல டாக்டரிடம் காட்டுங்கள். இல்லத்திலும் சொல்லி, மாத்திரை ஒவ்வொரு வேளையும் சிஸ்டர் கண்முன் விழுங்குகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். ராத்திரி நேரத்தில் உங்களுக்கே கை கால் ஓடாவிட்டால் மனநல உதவிக்கான அரசு போன் எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முதியோருக்கென்று எல்டர் லைன் 14567ம் இருக்கிறது.

அப்புறம், மனசு என்று முடிவு கட்டுவதற்கு முன் உடம்பையும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் ஆள் இப்படித்தான் சுருண்டு படுப்பார்கள். பி12 குறைவு, ரத்த சோகை, யூரினில் இன்ஃபெக்‌ஷன், தூக்க மாத்திரை அதிகமாவது, இதெல்லாம் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று சீட்டைப் பாருங்கள். அதில் சிலது ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். சோடியம் இறங்கினால் சோர்வு, மந்தம், குழப்பம். எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டிக்கு எல்லாரும் மறதி நோய் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் சோடியம்.

காது மெஷினைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். காது கேட்காதவர் டைனிங் ஹாலில் உட்கார்ந்தால் தட்டுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். பக்கத்தில் பேசுவது புரியாது. இரண்டு தடவை "ஆங்?" என்று கேட்பார், மூன்றாவது தடவை சிரித்துச் சமாளிப்பார், அப்புறம் ரூமுக்கே சாப்பாடு கொண்டுவரச் சொல்லிவிடுவார். பேட்டரி தீர்ந்திருக்கலாம், உள்ளே அழுக்கு அடைத்திருக்கலாம். மேனேஜர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் நீங்களே கையில் எடுத்துப் பாருங்கள்.

கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் முதியோருக்காகவே 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மையம் 2024ல் திறந்திருக்கிறார்கள். சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் முதியோர் பிரிவு 1978லிருந்தே இருக்கிறது, நாட்டிலேயே முதலில் வந்தது அதுதான். முதியவர்களுக்கென்றே மனச்சோர்வைக் கணிக்க ஒரு கேள்வித்தாள் உண்டு, சுருக்கமான வடிவத்தில் 15 கேள்வி, ஆமாம் இல்லை என்று சொன்னால் போதும். தூக்கம், பசி பற்றி அதில் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் வயதானவர்களுக்கு அது வேறு காரணத்தாலும் கெடும். வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா, வழக்கமாகச் செய்வதையெல்லாம் விட்டுவிட்டீர்களா, இந்த மாதிரிதான் கேட்பார்கள். டாக்டரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மண்ணடிவாசி எழுதியது:

மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அப்பாவைக் கடைசி 6 வருஷம் வீட்டில்தான் வைத்துப் பார்த்தேன். பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் பாதி நோய் போய்விடும். எப்படியாவது கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்து அழைத்து வந்துவிடுங்கள் சகோதரி.

ஐ.சி.எஃப். பெரியவர் எழுதியது:

மகளே, எனக்கு 81 வயது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு 4 வருஷமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். இதைப் பேரன் கொடுத்த டேப்பில் ஒரு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன், நேற்று பாதி, இன்று பாதி.

மண்ணடித் தம்பி சொல்வதில் பாசம் இருக்கிறது. ஆனால் நான் 2 வருஷம் மகன் வீட்டிலும் இருந்தேன். காலை 9 மணிக்கு எல்லாரும் போய்விடுவார்கள். மாலை 6 வரை நானும் டிவியும். அங்கேயும் நான் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தேன். ஆகவே வீடா இல்லமா என்று மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது.

இங்கே வந்த புதிதில் ஆறு மாதம் நானும் பேசவில்லை. என்ன கஷ்டம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சின்னச் சின்ன விஷயம். டீ வரும்போதே சர்க்கரை போட்டு வரும். எனக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்க ஆள் இல்லை. கதவைத் தட்டாமல் உள்ளே வருவார்கள். லைட்டை அவர்கள் நேரத்துக்கு அணைப்பார்கள். எனக்கு ஒரு பேர் உண்டு, 35 வருஷம் ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், இங்கே எல்லாரும் தாத்தா. இருபது வயசுப் பையன் சட்டை பட்டனைப் போட்டுவிட வருவான், அன்பாகத்தான். எனக்குப் போடத் தெரியும், கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். அவனுக்கு நேரம் இல்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகும்போது, நான் எதற்கு இருக்கிறேன் என்று மனசு கேட்க ஆரம்பித்துவிடும்.

எனக்கு மாற்றம் வந்தது ஒரு கடிகாரத்தால். டைனிங் ஹாலில் சாவி கொடுக்கிற பழைய சுவர்க்கடிகாரம் ஒன்று நின்று போய்க் கிடந்தது. கேட்டு வாங்கி, கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு ஓடவைத்தேன். இப்போது வாராவாரம் சனிக்கிழமை சாவி கொடுப்பது என் வேலை. ஒரு தடவை ஜுரத்தில் படுத்துவிட்டேன். திங்கட்கிழமை கடிகாரம் நின்றுபோய், சமையல்காரர் என் ரூமுக்கு வந்து "என்னய்யா, டைம் தெரியாம இட்லி லேட்டாயிடுச்சு" என்றார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும் மகளே. உங்கள் அம்மா ரூமில், பக்கத்துக் கட்டிலில் யாராவது சமீபத்தில் இறந்தார்களா? எங்கள் ரூமில் என்னோடு ஒன்றரை வருஷம் இருந்தவர் ஒரு விடியற்காலை போய்விட்டார். எங்களை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு பின்வாசல் வழியாக எடுத்துப் போனார்கள். மத்தியானம் பார்த்தால் கட்டிலில் புது விரிப்பு. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் பயந்துவிடுவோமாம். எண்பது வயதில் சாவைப் பார்த்துப் பயப்படுவதைவிட, நாளைக்கு நம்மையும் இப்படித்தான் சத்தமில்லாமல் துடைத்துவிடுவார்கள் என்பதுதான் வலிக்கும். நாலு பேர் சேர்ந்து நிர்வாகத்திடம் பேசினோம். இப்போது யார் போனாலும் ஹாலில் போட்டோ வைத்து விளக்கேற்றுகிறார்கள். பேசத் தோன்றுகிறவர்கள் பேசுவார்கள். அழுகிறவர்கள் அழுவார்கள். அன்று இரவு எல்லாரும் ஓரளவு தூங்குகிறோம்.

மாடித்தோட்டம் எழுதியது:

ஐயா சொன்ன கடிகாரத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் உளவியல் படித்தவள், இப்போது ஆசிரியை. கல்லூரியில் படித்ததில் என் மனசில் தங்கிவிட்ட ஒரு ஆய்வு இது.

1976ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் செய்தது. ஒரு மாடியில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு செடி கொடுத்து, "இது உங்களுடையது, பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு" என்றார்கள். ரூமில் சாமான்களை எங்கே வைப்பது, எந்த நாள் சினிமா பார்ப்பது என்பதும் அவர்கள் இஷ்டம். இன்னொரு மாடிக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் "தண்ணீர் ஊற்றுவதை நர்ஸ் பார்த்துக்கொள்வார், எல்லாம் நாங்கள் செய்து தருகிறோம்" என்றார்கள். மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்களிடம் சுறுசுறுப்பும் சந்தோஷமும் கூடியிருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தபோதும் அவர்கள்தான் தெம்பாக இருந்தார்கள். மொத்தம் 91 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய முடிவு எதுவும் கட்டக் கூடாது. ஆனாலும் இரண்டு மாடிக்கும் அன்பில் குறை வைக்கவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். இரண்டாவது மாடியில் அன்பு இருந்தது, வேலைதான் இல்லை.

அதே 1976ல் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் செய்தது உங்களுக்கு இன்னும் நேராகப் பொருந்தும். கல்லூரி மாணவர்களை முதியோர்களைப் பார்க்க அனுப்பினார். எப்போது வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு, திடீர் திடீரென்று வந்து பார்க்கப்பட்டவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது. ஆனால் ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்ற பிறகு, நன்றாக இருந்தவர்களே சறுக்கினார்கள். அதனால் அம்மா "வராதே" என்று சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள் அக்கா. முடிந்தால் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதை அம்மாவே சொல்லட்டும்.

குரோம்பேட்டைக்காரி எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டுவிட்டுக் காணாமல் போனதற்கு மன்னியுங்கள்.

சிஸ்டர் எழுதியதைப் படித்த மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போனேன். நேராகக் கேட்டுவிட்டேன். கேட்பதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "நானா எதையும் பண்ணிக்க மாட்டேன்டி. ஆனா காலையில கண்ணு முழிக்கும்போது ஏன் முழிச்சோம்னு இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் ஏழு மாதத்தில் முதல் தடவையாக அழுதார். நானும் அழுதேன்.

கிண்டிக்கு அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 126, குறைந்தது 135 இருக்க வேண்டுமாம். பிரஷர் மாத்திரைதான் காரணம் என்று சொல்லி அதை மாற்றினார்கள். நாலு நாள் படுக்கையில் வைத்துச் சரிசெய்தார்கள். முகத்தில் தெளிவு வந்தது, ஆனால் மனசு முழுக்க அதனால் இல்லை. அந்த 15 கேள்வியில் 11க்கு மனச்சோர்வுப் பக்கம் பதில் வந்தது. மனநல டாக்டர் குறைந்த அளவில் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். இந்த மாத்திரைகளிலும் சிலது சோடியத்தை இறக்குமாம், அதனால் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார், மறுபடி ரத்தம் எடுத்தும் பார்த்தார்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும் என்றார், ஆனது. காது மெஷினில் பேட்டரி திருப்பிப் போடப்பட்டிருந்தது. யார் போட்டார்கள், எத்தனை மாதமாக அப்படி இருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

ஐயா, நீங்கள் கேட்டது சரிதான். சித்திரையில் அம்மாவின் பக்கத்துக் கட்டில்காரம்மா இறந்திருக்கிறார். இரண்டு பேரும் ராத்திரியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார்களாம், கட்டில் அவ்வளவு பக்கம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "நீயே ஆஸ்பத்திரியும் கையுமா இருக்கே, உங்கிட்ட எதைச் சொல்ல" என்றார். இறந்துபோன அந்த அம்மாவின் மகளிடம் கேட்டு அவருடைய போட்டோ ஒன்று வாங்கி வந்தேன். அம்மா அதை ஜன்னலோரம் வைத்திருக்கிறார். உங்கள் இல்லத்தில் விளக்கேற்றுகிறார்கள் என்று நீங்கள் எழுதியதை மேனேஜரிடம் படித்துக் காட்டினேன். பார்க்கலாம் என்றிருக்கிறார். நான் விடப்போவதில்லை.

மண்ணடி அண்ணா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு வருகிறாயா என்று அம்மாவிடமே கேட்டேன். "மூணு மாடி ஏத்தி என்னைப் பொட்டியில வைக்கப் போறியா" என்றார். தரைத்தளத்தில் வீடு தேடுகிறோம், கிடைத்தால் மறுபடி கேட்பேன்.

கடிகாரத்தையும் செடியையும் படித்த பிறகு சமையல்கட்டில் பேசிப் பார்த்தேன். முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்றார்கள். அடுப்புப் பக்கம் போகாமல், வெளியே மேசையில் உட்கார்ந்து மறுநாள் அரிசி பருப்பை மட்டும் அளந்து வைக்கட்டும் என்று கேட்டு, நான் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். முதல் 2 நாள் அம்மா போகவில்லை. மூன்றாம் நாள் போய் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார். இப்போது தினமும் சாயங்காலம் 4 மணிக்கு வாக்கரைத் தள்ளிக்கொண்டு போகிறார். எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. போன வாரம் 2 நாள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததாக இல்லத்து சிஸ்டர் சொன்னார். சாப்பாடு இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு வா என்று நேரம் சொல்லியிருக்கிறார், 10 நிமிஷம் தாமதமானால் போன் வருகிறது.

நேற்று வந்த போன் அதற்காக இல்லை. "38 பேருக்கு இவ்வளவு துவரம்பருப்பா போடுவாங்க? சாம்பார்ல பருப்பைத் தேட வேண்டியிருக்கு. இவங்க வச்சிருக்கிற டம்ளர்ல அளவே நிக்கல. வீட்ல இருக்கிற என் அரைப்படியை எடுத்துட்டு வா" என்றார். புளி போட்டுத் தேய்த்து, பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். அடியில் ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்திவிடாதே, அளவு மாறிவிடும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.